எடைமேடைக் கடையில் மாப்பிள்ளை பார்த்தேன்

பகலில் வந்து பார்த்துவிட்டு எங்கள் கும்மிடிப்பூண்டியைக் குறை சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. பகலில் இங்கே என்ன இருக்கிறது? புழுதி, புகை, லாரி, வெயில். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாருங்கள். பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மிஷினுக்குப் பக்கத்திலேயே பூரி பொரியும். ஏடிஎம் வாசலில் சுக்கு காபிக்காரர் சைக்கிளை நிறுத்தியிருப்பார்; கதவைத் திறக்கும்போதெல்லாம் வருகிற ஏசி காற்றுக்காகவே அங்கே ஒரு கூட்டம் நிற்கும். பூட்டிக் கிடக்கும் உரக்கடை வாசலில் பீகார்க்காரர்கள் இரண்டு பேர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று ஷிஃப்டும் ஓடுகிற ஊரில் பசிக்கு மட்டும் ராத்திரியில் லீவு விட முடியுமா?

இதில் எனக்குச் சொந்தமான இடம் எடைமேடைக் கடை. சரக்கு லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இரும்பு மேடைக்குப் பின்னால், தகரக் கூரை, இரண்டு தோசைக்கல், ஐந்து பெஞ்சு. கடை நடத்துகிற அக்காவின் வீட்டுக்காரர்தான் எடை போடுகிறவர். லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் பெஞ்சு அதிரும், சட்னி கிண்ணம் நகரும். பழகியவர்கள் கிண்ணத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். ஆந்திரா டிரைவர்கள் வண்டியிலிருந்தே கார சட்னி கேட்டுத் தெலுங்கில் கத்துவார்கள்; அக்காவும் தலையைத் திருப்பாமல் தெலுங்கிலேயே பதில் கத்துவாள்.

அக்காவிடம் ஒரு கணக்கு உண்டு. பதினொரு மணிக்கு வேலை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு மெல்லிசாகத் தோசை வார்ப்பாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போகிறவர்களுக்கு வயிறு கனக்கக் கூடாது. பதினொன்றரைக்கு உள்ளே போகிறவர்களுக்குக் கனமான தோசை. விடியும்வரை நிற்க வேண்டுமே. யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. சட்டையின் நிறத்தைப் பார்த்தால் எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு தப்பியது ஒரே ஒரு ராத்திரிதான். அந்த ராத்திரி தப்பியதற்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. மதியம் மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் என்னை எடைமேடையில் இறக்கிவிடும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா டிவிஎஸ் வண்டியோடு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் காத்திருப்பார். நான் அக்கா கடையில் ஒரு மெல்லிசு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன்.

அதற்குள் மூன்று குடும்பம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயம்தான் சொன்னார்கள். பொண்ணு பிடித்திருக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறம் வேலை வேண்டாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவது சரிப்படாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அம்மா அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்ட காலத்தில் அவளை யாரும் வேலையை விடச் சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற என்னைத்தான் விடச் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு உயிர். கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில் என் பெயர் அச்சாகி வந்த அன்று, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினவள் நான்.

நான்காவது வரனை மீஞ்சூர்ச் சித்தி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை இரும்பு ஆலையில் வேலை, ராத்திரி ஷிஃப்ட். அவருக்கு வியாழன் லீவு, எனக்கு ஞாயிறு. பெண் பார்க்க நாளே அமையவில்லை. நான் நைனாவிடம் சொன்னேன். "இந்த தபா ஊட்ல உக்காந்து தலய குனிஞ்சிக்கினு காபி குடுக்கறதெல்லாம் வேணாம் நைனா. பதினொன்னேகால் மணிக்கு எடைமேடைக்கு வர சொல்லு. நானே பேசிக்கறேன்."

"ரோட்டுக் கடையிலயா பொண்ணு பாப்பாங்க? பாக்கறவன் இன்னா சொல்லுவான்?" என்று நைனா குதித்தார்.

"பாக்கறவன் தோச துன்னுக்கினு இருப்பான் நைனா. அவனுக்கு அதுவே சரியா இருக்கும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலேயே இருப்பேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

சித்தி போனில் அனுப்பிய போட்டோவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டுடியோக்காரர் மாப்பிள்ளையின் முகத்துக்கு வெள்ளையடித்து, கோட்டு மாட்டி, பின்னால் பனிமலையை வேறு வைத்திருந்தார். அதனால் அடையாளம் கேட்டேன். "சாம்பல் கலர் கம்பெனி சட்ட போட்டுக்கினு இருப்பாரு" என்றாள் சித்தி. நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஆலையில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற அத்தனை பேருக்கும் சாம்பல் சட்டைதான் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, தினமும் அந்தச் சட்டைகளுக்கு நடுவில் தோசை சாப்பிடுகிற எனக்கும் தோன்றவில்லை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சீக்கிரம் வந்த சாம்பல் சட்டைகள் இரண்டுதான். ஒருவர் முன் பெஞ்சில் சாலையைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவருக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா தோசைக்கரண்டியால் முன்னால் இருந்தவரைக் காட்டிக் கண்ணடித்தாள். அவர் முன்னால் ஒரு தட்டு கேசரி வேறு இருந்தது. சாம்பல் சட்டை மாப்பிள்ளை வருவதை முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்; பெண் பார்ப்பது என்றால் கேசரி இல்லாமல் எப்படி என்று, நான் கேட்காமலே அக்கா கிண்டி வைத்திருந்தாள். அந்தக் கேசரியை இப்போது நினைத்தாலும் அவள்மேல் அப்படி ஒரு பிரியம் வருகிறது.

ஆள் கொஞ்சம் பருமன். போட்டோவில் கோட்டு மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதிரில் போய் உட்கார்ந்தேன். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வேகமாகப் பேசுவது.

"வணக்கங்க. நேரா விசயத்துக்கு வந்துடறேன். நான் வேலைய உட மாட்டேன். ஷிஃப்ட் மாறி மாறி வரும். சில வாரம் ராத்திரி பன்னெண்டாவும் ஊட்டுக்கு வர. அக்கம் பக்கத்துல எவனாச்சும் எதுனா கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். இதுக்கு ஒத்துக்கினா மேல பேசலாம். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

அவர் வாயில் கேசரி. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"நீ சொல்றது ஞாயந்தாம்மா. வேலைய உடாத. ஆனா எனக்குக் கல்யாணமாயி ரெண்டு பசங்க கீறாங்கம்மா. பெரியவன் ஆறாவது பட்ச்சிக்கினு கீறான்."

அக்கா கையிலிருந்த கரண்டி கல்லில் விழுந்தது. "அடப்பாவி, கேசரிய எதுக்குய்யா துன்ன?" என்று அவள் கேட்க, "நீதானக்கா குடுத்த" என்று அவர் சொல்ல, எடைமேடையில் நின்ற லாரியின் கிளீனர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து நைனா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடிவந்தார். தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளை நன்றாகச் சிரிக்கிறார், வயசுதான் கொஞ்சம் கூட என்கிற முடிவுக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தார். "பரவால்லம்மா, நல்ல மனுசனா தெரியறாரு" என்று என் காதில் சொன்னார். நான் அவரைத் திரும்ப டீக்கடைக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் எழுந்து திரும்பினார். மெலிந்த ஆள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"நான்தாங்க அது. முன்னாடியே வந்துட்டேன். நீங்க பேச ஆரம்பிச்சதும் நடுவுல எப்டி பூர்றதுன்னு தெரியல. எல்லாத்தயும் கேட்டுக்கினுதான் இருந்தேன். எனக்கு சம்மதங்க. எங்க அம்மா எதுனா சொல்லும், அத நான் பாத்துக்கறேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எந்த ஆண்பிள்ளைதான் சம்மதம் என்று சொல்லாமல் இருந்தான்? அவர் எதிரில் உட்கார்ந்து, அதுவரை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்த வலது கையை எடுத்து பெஞ்சுமேல் வைத்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை.

"நாலு வருசம் முன்ன, வேற கம்பெனில இருந்தப்ப, பிரஸ் மிசின்ல போச்சு. முன்ன வந்த ரெண்டு சம்மந்தம் இதப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அதான் போட்டோவுல கைய கோட்டுக்குள்ள வெச்சுக்கன்னு அம்மா சொல்லிச்சு. உங்களாண்ட மறச்சுக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்லீங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சித்தி சொல்லவில்லை, அவர் அம்மா சொல்லவில்லை, ஆளாளுக்கு மறைத்திருக்கிறார்கள் என்று. அப்புறம் அந்தக் கையைப் பார்த்தேன். என் லைனிலும் கையில் கட்டோடு வந்து நிற்கிற பெண்கள் உண்டு. அதை ஒளித்து வைக்கிற அவமானம் அவருக்கு எதற்கு என்று நினைத்ததும் கோபம் வேறு யார்மேலோ திரும்பிக்கொண்டது. ஆனாலும் என் வேலைக்கு இவர் ஒத்துக்கொள்வது தன் கைக்கு ஈடாகத்தானோ என்று ஒரு சந்தேகம் உள்ளே குடைந்தது. அப்படிச் செய்துகொள்கிற சம்மதம் எத்தனை மாதம் தாங்கும்?

ஆலையில் முதல் சங்கு ஊதியது. இன்னும் பத்து நிமிடத்தில் அவர் உள்ளே இருக்க வேண்டும். அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து கேட்டார்.

"பஸ்ச உட்டு எறங்கனதுலர்ந்து பேசிக்கினே கீறீங்க. இன்னும் ஒண்ணும் சாப்டலயே நீங்க?"

பிறகு அக்காவைப் பார்த்து, "அவங்களுக்கு ஒண்ணு போடுக்கா" என்றார்.

மூன்று குடும்பம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டது. என்னென்ன குழம்பு வைப்பேன் என்று கேட்டது. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிற நான் சாப்பிட்டேனா என்று அதில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோசைக்கல் புகை என்று துடைத்துக்கொண்டேன்.

அவர் எதுவும் சாப்பிடாமலே போகிறார் என்பது அவர் பாதி வழி போனபிறகுதான் எனக்கு உறைத்தது. கேசரியைத்தான் இன்னொருவர் தின்றுவிட்டாரே. அக்கா எனக்கென்று ஊற்றியிருந்த மாவின்மேல், "கனமா ஊத்துக்கா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி மாவை அதன்மேலேயே ஊற்றினாள். பார்சலை எடுத்துக்கொண்டு ஆலை கேட்டை நோக்கி ஓடினேன். பின்னால் நைனா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

கேட்டில் அட்டையைத் தேய்க்கப் போனவரிடம் பார்சலை நீட்டினேன். வலது கையால் வாங்கிக்கொண்டார்.

"அப்போ?" என்றார்.

"அப்போ இன்னா? உங்க அம்மாவ ஊட்டுக்கு வர சொல்லுங்க. சாப்ட்டு மிசினாண்ட போங்க."

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. கேசரி சாப்பிட்டவர்தான் கல்யாணத்துக்கு முதல் ஆளாக, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நின்றார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்ன வேணாம்னுட்டியேம்மா" என்பார். மாமியார் முதல் மாதமே ஆரம்பித்தார், பன்னிரண்டு மணிக்கு வருகிற மருமகளா என்று. என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் காலைல எட்டு மணிக்கு வரேன், என்ன யாரும் கேக்கலியேம்மா" என்றார். மாமியார் இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் எனக்குச் சோறு மூடி வைக்கத் தொடங்கினார்.

வேலையை நான் விடவில்லை. இப்போது எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஷிஃப்ட் ஒத்துப்போகாத வாரங்களில் எங்களுக்குக் கிடைப்பது எடைமேடையில் அந்தக் கால்மணி நேரம்தான். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா ஒரு கல்லில் மெல்லிசாகவும் இன்னொரு கல்லில் கனமாகவும் ஊற்றியிருப்பாள். அவர் சாம்பல் சட்டையில், முன் பெஞ்சில், சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் இன்னும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார். நானும் ஏழு வருடமாக, இல்லை என்று சொல்வதற்காகவே அந்தப் பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்குகிறேன்.