சப்பாத்து நம்பர் கேட்கும் மேர்லின் மிஸ்

"சப்பாத்து எத்தினையாம் நம்பர் மகன்?" என்று கேட்டபடியே பையனின் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார் மேர்லின். பையன்கள் திகைத்துப்போவார்கள். ஒருவன் நாடி பார்க்கிறார் என்று நினைத்து, "எனக்குக் காச்சல் இல்ல மிஸ்" என்றானாம். மணிக்கட்டைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது என்பது அவருக்கே தெரியும். "கையப் பிடிச்சா ஓடமாட்டான். அதுக்குள்ள காலப் பாத்துருவன்" என்பார்.

ஐந்தடி தாண்டாத பதினைந்து வயதுப் பையன் ஒன்பதாம் நம்பர் போடுகிறான் என்றால் அவன் இனித்தான் வளரப்போகிறான் என்று அர்த்தம்; மேர்லினின் அடுத்த கேள்வி வரும். எந்த மாதம் பிறந்தாய்? அப்பா நெட்டையா? மாமன்மார்? குரல் உடைந்ததா, மேலுதடு கறுத்ததா என்பதையெல்லாம் கேட்காமலே பார்த்துக்கொள்வார். டிசம்பர் கடைசியில் பிறந்தவன் என்றால் பெருமூச்சொன்று வரும். உதைபந்தாட்ட வயதுப் பிரிவுகள் ஜனவரி முதலாம் திகதியில் வெட்டப்படுவதால், வருடக் கடைசியில் பிறந்த பிள்ளை தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடு மோதவேண்டும். "ரெண்டு நாள் பிந்திப் பெத்திருந்தா இவன்தான் கெப்டன்" என்று தாய்மாரிடமே சொல்லிவிடுவார். அவர்களுக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. உத்தியோகம் குடும்பநல உத்தியோகத்தர். முப்பத்திநாலு வருடமாக நாவற்குடாப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும், பிறந்த பிள்ளைகளைத் தூக்குத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பதும், அட்டையில் புள்ளி போட்டுக் கோடு இழுப்பதும்தான் வேலை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படியேறும்போது வாய்க்குள் "இயேசுவே" என்பார். அது செபமா முனகலா என்று கேட்பவருக்குப் புரியாது. கணவர் லூர்து ஒருகாலத்தில் கோல் காப்பாளர். கல்யாணம் முடித்த புதிதில், புளியந்தீவில் பூசை முடிந்த கையோடு மனைவியை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். இப்போது அவர் ஞாயிறுகளில் தொலைக்காட்சியோடு படுத்துவிட்டார். மேர்லினுக்குத்தான் அந்தப் பழக்கம் விடவில்லை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அஸ்பாக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காத்தான்குடிக்காரர். கொழும்பிலுள்ள ஒரு கழகத்துக்காகக் கிழக்கு மாகாணம் முழுக்கப் பாடசாலைப் பையன்களைப் பார்த்துத் தெரிவுசெய்பவர். அவர் ஒருவனைப் பார்த்து வியக்க, பக்கத்திலிருந்த மேர்லின், "அவன் வளந்து முடிஞ்சான் தம்பி. அங்கால நிக்கிற கட்டையனப் பாருங்க" என்றார். இது நடந்து பதினாலு வருடம். அன்றிலிருந்து பத்தொன்பது பெயர்கள் சொல்லியிருக்கிறார். நாலு பேர் எடுபட்டார்கள்.

மிச்சம் பதினைந்து பேரும் அவர் கண்ணில் படாமல் போவதில்லை. கல்யாணம் முடித்தவர்கள் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடமேதான் வருகிறார்கள். "மிஸ், என்னத் தெரியுதா?" என்று சிரிப்பார்கள். "தெரியாம என்ன மகன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அட்டையில் எதையோ தேடுவார்.

அவர்களிலெல்லாம் அவரை அதிகம் அலைக்கழித்தவன் நிலோஜன். டிசம்பர் இருபத்தெட்டில் பிறந்தவன். பத்தாம் நாள் வீட்டில் வைத்து நிறுத்தபோது இரண்டு கிலோவும் வரவில்லை. அட்டையில் அவனுடைய கோடு எப்போதும் மற்றப் பிள்ளைகளின் கோட்டுக்குக் கீழேதான் ஓடியது. ஆனால் ஒருநாளும் சரியவில்லை. பதினாறு வயதில் பன்னிரண்டு வயதுப் பையன்போல் நின்றான். மேர்லின் அவனுக்காக அஸ்பாக்கை வரவழைத்தார். அஸ்பாக் பத்து நிமிடம் பார்த்தார். "மிஸ், ஊதினாப் பறந்துருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் பாடசாலை அணியிலும் அவன் பெயர் இல்லை.

அடுத்த பதினான்கு மாதத்தில் அவன் ஏழு அங்குலம் வளர்ந்தான். அதைப் பார்க்க மைதானத்தில் ஆளில்லை. பந்தை விட்டுவிட்டு, சனி ஞாயிறுகளில் மாமனோடு டைல்ஸ் பதிக்கப் போகத் தொடங்கியிருந்தான்.

சென்ற ஐப்பசியில், மாரிமழை பிடிக்கும் முன், மேர்லின் அவர்கள் வீட்டுக்குப் போனார். தாய் புஸ்பம் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகனை அஸ்பாக்குக்கு இன்னொருமுறை காட்டவேண்டும் என்று கேட்டதும் கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தபடியே நின்றாள். அதில் பிழியத் தண்ணீர் இல்லை.

"மிஸ், போன முறையும் நீங்கதான் கூட்டிக்குப் போனீங்க. ஒரு கிழமை சோறு தின்னல்ல அவன். சுவரப் பாத்துக்குப் படுத்துக் கிடந்தான். உங்களுக்கு அது தெரியுமா?"

மேர்லினுக்கு அது தெரியாது. நிறுவை, தடுப்பூசி, பல் முளைத்த திகதி எல்லாம் தெரிந்தவருக்கு அது தெரியாமல் போயிருந்தது.

"மன்னிச்சுக்க புஸ்பம்" என்றார். "எடுப்பாங்க எண்டு நான் சொல்லல்ல. பாக்கட்டும் எண்டுதான் கேக்கிறன்."

புஸ்பம் மகனைப் பார்த்தாள். நிலோஜன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. "இதான் கடைசி மிஸ்" என்றாள் தாய்.

அஸ்பாக் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். பாடசாலை மைதானத்தில் இரண்டு அணியாகப் பிரித்து விளையாடவிட்டிருந்தார்கள். நிலோஜனின் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. புதிதாக வளர்ந்த கால்கள் அவன் சொல்லைக் கேட்கவில்லை. பந்து காலில் பட்டு ஆறடி தள்ளிப் போனது. இரண்டு முறை தானாகவே விழுந்தான். அஸ்பாக்கின் கண் மீசை வைத்த முன்வரிசைக்காரன் ஒருவனோடேயே ஓடியது.

இருபதாவது நிமிடம் அது நடந்தது. பின்வரிசையிலிருந்து தரையோடு வேகமாக ஒரு பந்து வந்தது. நிலோஜன் அது வருமுன்பே இடது தோளுக்கு மேலால் ஒருமுறை, வலது தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தான். பந்து வந்ததும் அதைத் தொடவேயில்லை. கால்களை அகட்டி அப்படியே போகவிட்டான். அவனை மறிக்க வந்த இரண்டு பேரும் அவனோடு மோதி நிற்க, பந்து ஆளில்லாத இடத்தில் ஓடிவந்த தோழனின் காலில் போய்ச் சேர்ந்தது. மேர்லின் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தார். அஸ்பாக் தொலைபேசியில் குனிந்து ஏதோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இடைவேளை விசில் ஊதியதும் அஸ்பாக் எழும்பினார். வாழைச்சேனையில் இன்னொரு ஆட்டம் பார்க்கவேண்டுமாம். மீசைக்காரனின் பெயரை எழுதிக்கொண்டார். "உங்கட ஆள் இப்ப உயரம்தான் மிஸ். ஆனா கால் இல்லையே."

"கால் வரும் தம்பி. ஆறு மாசத்துல வரும். சின்னனா இருக்கக்குள்ள இடிபடாம ஆடப் பழகினவன் அவன். அதுக்குக் கண் வேணும். இப்ப ஒண்டு செஞ்சான், பாத்தீங்களா?" அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அஸ்பாக் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதரல்ல, காலையிலிருந்து மூன்று மைதானம் பார்த்துக் களைத்திருந்தார். "மிஸ், என்ட கண்ணால காணாத ஒண்ட நான் எப்பிடி எழுதுற?"

மேர்லின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து போனார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றே அஸ்பாக் நினைத்தார். மேர்லின் தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய், மதிலை முட்டி நின்ற அஸ்பாக்கின் வான் வண்டிக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தினார். பூட்டினார். சாவியைப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"பதினஞ்சு நிமிசம் தம்பி" என்றார். "தாய்க்காரிக்கிட்ட, அவர் பாக்கல்ல எண்டு போய்ச் சொல்ல எனக்கு ஏலா. பாத்துட்டு வேணாம் எண்டு சொல்லுங்க. அதச் சொல்லுவன்."

அஸ்பாக் வானைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். சிரிக்க வாயெடுத்தவர் மேர்லினின் முகத்தைக் கண்டு சிரிக்கவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியிலும் நிலோஜன் விழுந்தான். பந்தைத் தவறவிட்டான். ஒன்பதாவது நிமிடம், தோளுக்கு மேலால் பார்த்து, திரும்பாமலே குதிக்காலால் ஒரு பந்தைப் பின்னுக்குத் தள்ளினான்; அங்கே ஒருவன் தனியே நின்றான். அஸ்பாக் முன்னே சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒன்று. "இவனுக்கு முதுகுலயும் கண்ணா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பதினைந்து நிமிடம் இருபத்தைந்தாகியும் அவர் எழும்பவில்லை.

விசில் ஊதிய பிறகு சொன்னார்: "தை மாசம் கொழும்புல முகாம் இருக்கு, அவன வரச் சொல்லுங்க. ஆறு கிழமை. அதுக்கு மேல ஒண்டும் இப்ப சொல்ல ஏலா மிஸ்."

"அதயே ஒரு துண்டில எழுதித் தாங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். தாய்க்காரி வாசிக்கோணும்."

அவர் எழுதிக் கொடுத்தார். மேர்லின் துண்டை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்துக்கொண்டார். மைதானத்தில் நிலோஜன் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"இனி வான எடுக்கலாமா மிஸ்?"

மேர்லின் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. சாவியை அஸ்பாக்கின் கைக்குள் வைத்து அவர் விரல்களை மூடிவிட்டார்.

"நீங்களே தள்ளி விடுங்க தம்பி."