டாக்டர் கமலவேணி சொன்ன கணிப்பு

டாக்டர் கமலவேணி இறந்த செய்தியை ஒரு நோயாளிதான் கொண்டுவந்தார். திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்தவர், சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும், "நம்ம டாக்டரம்மா பூட்டாங்களாம் சிஸ்டர்" என்று அழுதார். அவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

உடன் வேலை செய்தவர்களுக்கு டாக்டரின் கேள்வி நினைவிருக்கும். இதய வால்வு சுருங்கியவர்களிடம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்கமாட்டார். "போன பொங்கலுக்குச் செஞ்சிக்கினு இருந்த எந்த வேலைய இப்ப வுட்டுட்டே?" என்பார். வேலையைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மூச்சு வாங்காது. நோய் முற்றியது வெளியே தெரியாது.

எல்லை பிரிந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போன வருடம், நகரியிலிருந்து நெசவுக்காரப் பெண் வள்ளியம்மா வந்தாள். "நல்லாத்தான் கீறேன்" என்றாள். டாக்டர் தம் கேள்வியைக் கேட்டார். தறியை விட்டுவிட்டு நூல் சுற்றுகிறாளாம்.

"ஏன்?"

"மாமியாரு தறியில குந்திக்கிச்சி, எழுந்துக்க மாட்டேங்குது."

கூடவே நின்ற மாமியார் விடுவாரா? "அடிப்பாவி! நாலு மிதி மிதிச்சா நாக்குத் தள்ளுதுன்னு நீதானே எழுந்து போனே?"

டாக்டர் சிரித்துவிட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. சென்னையில் அறுவை செய்து வால்வை அகலப்படுத்த வேண்டும் என்றார்.

"ஆந்திராக்காரங்கள அங்க சேத்துப்பாங்களாம்மா?" என்றான் உடன் வந்திருந்த கணவன்.

"வாசல்ல நின்னுக்கினு ஊரா கேப்பாங்க? மூச்சத்தான் பாப்பாங்க."

"பொழைப்பாளா, மாட்டாளா? அத்தச் சொல்லுங்க" என்றார் மாமியார்.

டாக்டர் வள்ளியம்மாவின் பக்கம் திரும்பினார். யார் உயிரோ அவரிடமே சொல்வது அவர் வழக்கம். "இப்ப போனா நீ பொழைச்சி வருவேன்னு நெனைக்கிறேன். ஒடம்பு இன்னும் தாங்குது. அடுத்த வருசம் இதையே சொல்லமாட்டேன். நான் சொல்றது தப்பாவும் போலாம். யோசிச்சி நீ சொல்லு."

வள்ளியம்மா மாமியார் பக்கம் திரும்பினாள். "போறேன்" என்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பிழைத்து வந்தாள். வாக்கு பலித்தது என்று மாமியார் காலில் விழப்போனபோது டாக்டர் தடுத்தார். "பலிச்சதுன்னு சொல்லாதீங்க. இவ பொழைச்சி வராமப் போயிருந்தாலும், அன்னிக்கி தெரிஞ்சத வச்சி நான் சொன்னது அதேதான்." அவர்கள் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டதை அவரும் கவனித்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஒண்ணும் ஆவாது" என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. "நல்லபடியா வருவீங்கன்னுதான் டாக்டர் நெனைக்கிறாரு, தப்பாவும் போலாம்" என்று, கட்டிலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். சொல்லிவிட்டு உடனே எழுந்து போவதில்லை. கமலவேணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் துணிவுதான்.