ஒன்பது மணிக்குத் திறந்த வீடு

பாகலூர் ரோட்டில் மாமனார் விட்டுப்போன வீடு என் மனைவிக்கு வந்தது. அதை விற்று ஓசூருக்குள் ஒரு ஃப்ளாட் வாங்கிவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் ஒரு புனிதையின் கதையைச் சொல்லிவிட்டார். பெரும் பணக்கார வீட்டுப் பெண். அப்பா வைத்துவிட்டுப்போன சொத்து முழுவதையும் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டுத் துறவறம் பூண்டவர். கோயிலை விட்டு இறங்கும்போதே என் மனைவி முடிவு செய்துவிட்டாள். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை அந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம், காசு வாங்காமல்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தம்மா வீட்டு ஜன்னலுக்குப் பத்துமா நம்ம வீடு?" என்றேன்.

"இருக்கறதத்தான குடுக்க முடியும்" என்றாள்.

சுவருக்கு வெள்ளையடித்தேன், தொட்டில் கட்டினேன். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன்.

தினமும் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து வைத்தோம். ஒரு வாரமாகியும் ஒரு குழந்தைகூட வரவில்லை. நம்மேல் யாருக்கும் நம்பிக்கையில்லை என்று இவள் அழுதாள். விற்றுவிடலாம் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. ஆனால் அவள் அழுவதைப் பார்த்தபின் வாய் வரவில்லை. எதிரே லைன் வீட்டில் குடியிருந்த பெண்ணிடம் நானே போய்க் கேட்டேன். அவள் இடுப்பில் ஒரு பையன் இருந்தான்.

"விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறிடுவோம்ணா. நீங்க ஒம்போதுக்குத் தொறந்தா புள்ளய யாருகிட்ட உட்டுட்டுப் போறது? பெரியவள ஸ்கூல உட்டு நிறுத்திட்டேன். அவதான் இவனப் பாத்துக்கறா."

வருஷக்கணக்காக ஷிப்டில் மாரடிக்கிறவன் நான். என் மண்டைக்கே இது எட்டவில்லை. வீட்டைக் கொடுக்கத் துணிந்த இவளும் விடியற்காலைத் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்துவிட்டு, மறுநாள் இருட்டோடு எழுந்து கதவைத் திறந்தோம். இவள் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், தூங்கும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கினாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சட்டென்று என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். பையன் விழிக்கவில்லை. அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நிமிர்ந்தால், அவளுடைய மூத்த பெண் அங்கேயே நின்றிருந்தாள். யூனிஃபார்ம் போட்டு, எண்ணெய் வைத்து இரட்டை ஜடை பின்னி, முதுகில் பையை மாட்டியிருந்தாள்.

"மாமா, நான் இப்ப ஸ்கூலுக்குப் போலாமா?"

இன்னும் பொழுதுகூட விடியவில்லை.