சுவரில் அழுதவள்

என் கணவர் இறந்து ஏழு மாதம் கழித்து எங்கள் ஊர்ச் சுவர்களில் என் முகத்தை ஒட்டினார்கள். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மகளுக்கு நாலு முடிந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் எம். புதுப்பட்டியிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். கரிசல் காடு. மழை பெய்தால் கம்பும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த வருடங்களில் பெய்யவில்லை. காட்டில் வேலை இல்லாத மாதங்களில் என் கணவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். மருந்து கலக்கும் அறையில் விட்டிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை பகலில் அந்த அறை வெடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் அழவில்லை. அழக் கூடாது என்ற வைராக்கியம் எதுவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். என் மாமியார் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தான் துளையைவிடப் பெரியதாக இருந்தது. அதை எப்படி நுழைப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மனதில் இல்லை. யாரோ போட்டோ எடுத்தார்கள். பத்திரிகைக்காரர் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் எடுத்தேன், அடுப்பு மூட்டினேன், மாட்டுக்குக் கம்பந்தட்டை போட்டேன். சாப்பிட்டால் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. மாமியார்தான் சொல்லுவார்.

அந்த நிலையில்தான் ஊருக்குள் கம்பெனிப் பேச்சு வந்தது. சிவகாசியிலிருந்து ஒரு முதலாளி எங்கள் ஊர் மேய்ச்சல் தரையில் பட்டாசுக் கம்பெனி கட்டக் கேட்டார். பஞ்சாயத்துப் பிரசிடென்ட் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர், மீதிப் பேரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். யாரையும் பகைக்க அவரால் முடியாது. ஊரே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஆளுக்கொரு புளியங்கொட்டை. பள்ளிக்கூடத்தில் திரை கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பானை. கம்பெனி வரட்டும் என்பவர்கள் மஞ்சள் பூசிய பானையில் போட வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு பூசிய பானை. ஓட்டுக்கு ஒரு மாதம் தவணை.

சர்க்கார் தேர்தலுக்குக்கூட எங்கள் ஊரில் அத்தனை போஸ்டர் ஒட்டியதில்லை. சிவகாசி பக்கத்தில் இருக்கிறது, பிரஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வேண்டாம் என்ற கட்சிக்கு என் கணவரின் தம்பிதான் தலைவர். அண்ணன் செத்த கோபம் அவரிடம் அணையாமல் இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை. எனக்கு இல்லாததெல்லாம் அவருக்கு இருந்தது.

ஒரு காலையில் தண்ணீருக்குப் போனபோது கிணற்றடிச் சுவரில் அதைப் பார்த்தேன். ஒரு பெண் தலைவிரிகோலமாக, வாயைப் பிளந்து அலறுகிறாள். கன்னத்தில் கண்ணீர், ஒவ்வொரு சொட்டும் முத்துமுத்தாக. மடியில் ஒரு குழந்தை. பின்னால் செக்கச்செவேலென்று தீ. கீழே, 'இவள் கதி உன் வீட்டுக்கும் வேண்டுமா?' என்று கொட்டை எழுத்தில். யாரோ என்று நினைத்து இரண்டு குடம் இறைத்துவிட்டேன். மூன்றாவது குடத்துக்குக் கயிற்றை விடும்போதுதான் குழந்தையின் சட்டையைக் கவனித்தேன். பொத்தான் அப்படியே பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரே சொன்னார். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி வைத்திருந்தாராம். கேட்டால் சம்மதிப்பேனோ மாட்டேனோ என்றுதான் முன்னால் கேட்கவில்லையாம்.

"கோவிச்சுக்கிடாதீக மதினி. இன்னொரு வீட்டுல இப்படி ஆகக் கூடாதுன்னுதான்."

எனக்குக் கோபம் இல்லை. சரி என்றேன். மாமியார்தான் வாசலுக்குப் போய்க் கிணற்றடிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய போஸ்டரில் வறண்டு வெடித்துப் போன கிணறு, எலும்பும் தோலுமான மாடு, தலையில் மூட்டையோடு வரிசையாக ஊரைவிட்டுப் போகும் ஜனங்கள். 'பஞ்சம் வாசலில் நிற்கிறது' என்று எழுதியிருந்தது. வேலையில்லாத ஊருக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான் என்று இன்னொன்று ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு கல்யாணத்துக்கு நின்ற பையன்கள் முகம் தொங்கிப் போய்த் திரிந்தார்கள். உடனே எங்கள் பக்கத்தார் பள்ளிக்கூடம் தீப்பிடித்து எரிவதுபோல ஒன்று போட்டார்கள். மேய்ச்சல் தரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மைல் தூரம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாள் பிள்ளைகளை யாரும் பள்ளிக்கு அனுப்பவில்லை.

மழை வருமா, கம்பெனியில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், மருந்து அறையை எங்கே கட்டுவார்கள் என்றெல்லாம் முதலில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். போஸ்டர்கள் வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. ஜனங்கள் பயந்தார்கள். யார் அதிகம் பயமுறுத்துகிறார்கள் என்பதுதான் பாக்கி.

எனக்கு வந்த தொல்லை வேறு. அதுவரை என்னை விட்டுவிட்டிருந்த பெண்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். சுவரில் இருப்பவளைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் மோர் கலக்கிக் கொடுப்பேன். குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொன்னாராம்: "பொண்டாட்டியே அழுகலை, போஸ்டர்தான் அழுகுது." அது உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது.

என் மகள் கிணற்றடிப் பக்கம் வர மறுத்தாள். தூக்கிக்கொண்டு போனால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்த அம்மாவை வாயை மூடச் சொல்லு என்பாள். நான்தான் அது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தூக்கத்திலும் அதையே சொல்ல ஆரம்பித்தபோது, மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். போஸ்டரின் அடியில் பிரஸ்ஸின் பெயர் இருந்தது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே மிஷின் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பின்னறையில் ஜன்னலோரம் படம் வரைகிறவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், தடித்த கண்ணாடி. மேஜைமேல் போஸ்டர் அடிக்கும் தகடு. அதில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது வரைந்துகொண்டிருந்தது மூட்டை சுமந்து ஊரைவிட்டுப் போகும் ஒரு கிழவியை. அந்தக் கட்சி ஆர்டரும் அங்கேதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டார். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். எந்த போஸ்டர் என்றார். அலறுகிற பெண் என்றேன். அதற்கென்ன என்று கேட்டார். என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். நான் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குனிந்து பிள்ளையின் சட்டையில் கைவைத்திருக்கிறேன். வாய் மூடியிருக்கிறது. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி முகம்.

"நீங்க போட்டோவுல சும்மாதான் இருக்கீக," என்றார் அவர். "சும்மா இருக்கிற முகத்தைப் பாத்து யாரும் நிக்க மாட்டாக தாயி. வண்டியில போறவன் திரும்பிப் பாக்கணும். அதான் வாயைத் திறந்துவிட்டேன்."

கண்ணீரும் அவர் போட்டதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அழுகிற பெண் என்றால் அவருக்கு மாடல் தேவையில்லையாம், முப்பது வருடமாக வரைகிறாராம், கை தானாகப் போய்விடுமாம். அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. இனி ஒட்டுவதற்கு அடிப்பதையாவது நிறுத்த முடியுமா என்று கேட்டேன். லோடு நேற்றே போய்விட்டது, பிரஸ்ஸில் ஒன்றுகூட மிச்சமில்லை என்றார். நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்தார்.

"உங்களுக்கு நெசமாவே அழுகை வரலையா?"

"வரல."

தன் சம்சாரம் இறந்தபோது தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவணைக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் பொட்டலில் எங்கள் பக்கத்தார் கூட்டம் போட்டார்கள். கொழுந்தனார் வந்து, மேடையில் உட்கார்ந்தால் போதும் என்றார். டீக்கடைப் பேச்சு அவரைச் சுட்டிருந்தது. வெயில் தாழ்ந்த நேரம். நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் தட்டியில் அந்தப் போஸ்டரை நாலு ஒட்டியிருந்தார்கள். கொழுந்தனார் பேசினார். பேசும்போதே அழுதுவிட்டார், கூட்டத்தில் பாதிப் பேரும் அழுதார்கள். பிறகு எதிர்பாராமல் என் பக்கம் திரும்பி, "மதினி, ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

நான் எழுந்து நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். அத்தனை முகமும் என் வாயைப் பார்த்தது.

"அன்னைக்குக் காலையில கம்மங்கூழு குடிச்சிட்டுப் போனாக," என்றேன். "வெங்காயம் கேட்டாக. வீட்டுல இல்ல."

அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்துவிட்டேன். கைதட்டலாமா அழலாமா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். கொழுந்தனார் மறுபடி பேசத் தொடங்கினார். அவருடைய முகத்தில் என்மேல் வருத்தம் தெரிந்தது. முன் வரிசையில் இருந்த மாமியார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆளுக்கொரு கொட்டை கொடுத்தார். திரைக்குப் பின்னால் போனேன். இரண்டு பானையும் ஒரே உயரம், வாயில் துணி கட்டி நடுவில் ஓட்டை விட்டிருந்தார்கள். நான் மஞ்சள் பானையில் போட்டேன்.

இதை வெகு காலம் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபோது கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். கணவனை எரித்த தொழிலை எப்படி ஊருக்குள் கூப்பிட்டாய் என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது சின்னப் பதில்தான். அடுத்த வருடம் என்ன செய்வது என்று நினைத்தேன். காடு கொழுந்தனார் கையில். பிள்ளைக்கு ஒரு சட்டை வேண்டுமென்றாலும் அவரிடம்தான் நிற்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது. மருந்து அறையை நான் மறக்கவில்லை. அதற்காக நான் பயப்பட வேண்டும் என்று சுவர் சொன்னது; எனக்குள் பயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை.

வேண்டாம் என்பதுதான் ஜெயித்தது. சுண்ணாம்புப் பானையைக் கவிழ்த்தபோது கொட்டை குவிந்து சரிந்தது என்றார்கள். கொழுந்தனாரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். வாசலில் இறங்கி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். உங்க முகந்தான் ஜெயிச்சது மதினி என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

முதலாளி மனம் தளரவில்லை. மூன்று மைல் தள்ளி வேறொரு ஊரில் இடம் வாங்கிக் கட்டினார். அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை. வேலை தொடங்கிய மாதமே நான் போய்க் கேட்டேன். காகிதக் குழல் சுற்றும் வேலை கொடுத்தார்கள். கொழுந்தனார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. செய்தி ஏதாவது இருந்தால் மாமியாரிடம் சொல்லுவார். மாமியார் எனக்குச் சொல்லுவார். மழையும் பெய்யவில்லை. முதலில் நான் ஒருத்திதான் நடந்தேன். ஆடி முடிவதற்குள் எங்கள் ஊரிலிருந்து பதினைந்து பேர் ஆனோம். யார் எந்தப் பானையில் போட்டது என்று வழியில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

கொழுந்தனாருக்கு அந்தத் தையில் கல்யாணம் ஆனது. பெண் காரியாபட்டிப் பக்கம். அதற்கடுத்த கோடையில் ஒரு நாள், நான் வேலைவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். மாட்டுக்குத் தட்டை அள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அங்கன இன்னொரு ஆளுக்கு இடமிருக்கா மதினி?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டேன். மருந்துப் பக்கம் விடக் கூடாது, குழல் சுற்றத்தான் விட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் பெண்டாட்டி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். வேகமாக நடக்கிற பெண். ஓடைப் பாலம் வந்ததும் நின்று, நான் வரும்வரை காத்திருப்பாள்.