நாற்பத்தொன்றாம் பெட்டி

நீங்கள் கடைசியாகப் படித்த ஆய்வுக் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பையாவது தேடிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நம் எல்லோருடைய அந்தச் சோம்பலால்தான் ஒரு மனிதர் திருடர் ஆனார்.

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஆவண அறையில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறார் அவர். வாசகர் சீட்டில் எழுதிக் கேட்பதை எடுத்துத் தருவதுதான் வேலை என்பதால் 'சீட்டுக்காரர்' என்றே பெயர் நின்றுவிட்டது. கேட்டவர் பெயரும் தேதியும் உள்ள சீட்டு இல்லாமல் துணைவேந்தருக்கே காகிதம் தரமாட்டார். ஒரு சீட்டையும் தூக்கிப் போட்டதும் இல்லை. அறை மூலையில் வருடவாரியாகக் கட்டிவைத்திருக்கிறார்.

வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பழைய துறைமுக வேலைநிறுத்தம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதே அறையின் நாற்பத்தொன்றாம் பெட்டியில் தொழிலாளர்கள் எழுதிய பதினோரு கடிதங்களைப் படித்ததாகக் குறிப்பிட்டிருந்தார். அவற்றைப் பார்க்க வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பெட்டி இல்லை.

"நான் பார்த்தேனே! உங்க ஆளுங்கதான் தொலைச்சிருப்பாங்க" என்றார் பேராசிரியர்.

சீட்டுக்காரருக்கு நூலகரிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அறையில் இருப்பதே முப்பத்தாறு பெட்டிதான் என்று பதில் எழுதினார். கீழே இறங்கி வராமலேயே நூலகர் கணக்குப் போட்டார்: "அப்போ அஞ்சு பெட்டியைக் காணோமா?" ஒரு வாரத்தில் விசாரணை, பெட்டிகள் வராவிட்டால் வேலை போய்விடும்.

வீட்டில் மகள் கேட்டாள்: "அப்பா, நிஜமா நீங்க எடுக்கலதானே?"

"பழைய கடுதாசியை எடுத்து என்னம்மா பண்ணப்போறேன்? பட்டமா விடப்போறேன்?" என்று சிரித்தார். ஆனால் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

விசாரணைக்குச் சீட்டுக் கட்டுகளைச் சுமந்து போனார். "நல்லா பிரிச்சுப் பாருங்கய்யா. இருபத்தெட்டு வருஷத்துல சார் பேருல ஒரு சீட்டு கிடையாது. அந்த ரூம் கதவு இழுக்கணுமா, தள்ளணுமான்னு அவரையே கேளுங்க."

பேராசிரியர் சீட்டுக் கட்டை நகர்த்தி வைத்தார். "ஏஐகிட்ட ஆதாரம் கேட்டேன். பெட்டி நம்பரோட அதுதான் கொடுத்துச்சு. இப்ப எல்லாரும் பண்றதுதானே."

"நல்லா இருக்கு சார்! இல்லாத கடுதாசிக்கு நான் திருடன். எழுதினது யாருன்னு கேட்டா மெஷினா? கட்டுரையில போட்டிருக்கிறது உங்க பேருதானே?"

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கட்டுரை இன்றும் திருத்தப்படாமல் அந்த இதழில் இருக்கிறது. செத்துப்போன தொழிலாளிகள் எழுதாததை எழுதியதாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவர்கள் பேசியதைக் கேட்க ஆளில்லை. இப்போது பேசாததற்கு மேற்கோள்!

இயந்திரத்திடம் வாக்கியத்தைச் சீராக்கச் சொல்லுங்கள், தவறில்லை. அதன் உதவியைப் பெற்றதை மறைக்காமல் கட்டுரையில் எழுதுங்கள். ஆனால் சாட்சியை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள். இன்றே உங்கள் கட்டுரையைத் திறந்து, நீங்கள் தொட்டுப் பார்க்காத ஆதாரங்களைத் தேடுங்கள். கிடைக்காதவற்றை அடித்துவிட்டு, ஏற்கெனவே வெளியாகியிருந்தால் இதழாசிரியருக்கு உங்கள் பெயரிட்டு எழுதுங்கள். வேறொரு சீட்டுக்காரருக்கு மெமோ போகும்முன் எழுதுங்கள்.