டிவி அக்காவிடம் முளைப்பயறு காட்டியது

சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த வீட்டுக்கு, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவியில் ஓர் அக்கா வருவார். கத்தமாட்டார், குதிக்கமாட்டார். ஈரப்பஞ்சில் பயறை வைத்தால் என்ன ஆகும், காகிதக் காற்றாடி ஏன் சுற்றுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொல்லித் தருவார். முடிக்கும்போது, "செஞ்சவங்க எல்லாரும் காட்டுங்க பாப்போம்" என்று திரைக்கு நெருங்கி வந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்பார். எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. அவர் என்னைப் பார்க்கிறார் என்பதில் சந்தேகமே கிடையாது. தலைசீவி, பவுடர் போட்டுக்கொண்டுதான் டிவி முன்னால் உட்காருவேன்.

நான் கிண்ணத்தில் வைத்த பயறு, நான்கு நாள் காத்திருந்தபின் முளைத்தது, ஒரு விரல் உயரத்துக்கு. அது தமிழ்நாடு முழுக்க நேரம்காலம் இல்லாமல் கரண்டு போன சமயம். அக்கா "காட்டுங்க" என்று முகத்தை நெருக்கிய நொடியில் டிவி அணைந்தது. தெருவின் விசைத்தறிகளும் ஒரேயடியாக நின்றன. கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடியே அழுதேன். நான் மட்டும் செய்யவில்லை என்றல்லவா அக்கா நினைத்திருப்பார்?

கரண்டு இல்லாவிட்டால் தறி ஓடாது; சித்தப்பா டீ குடிக்க வீட்டுக்கு வந்துவிடுவார். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. அண்ணன்தான், "ஏட்டி கூறுகெட்டவளே, அந்த அக்காவுக்கு ஒன்னத் தெரியவே தெரியாது" என்றான். சித்தப்பா அவனை அதட்டிவிட்டு, செல்போனோடு வாசலுக்குப் போனார். உரக்கப் பேசினார்.

"ஆமாம்மா, எங்க அண்ணன் மவதான். அவ செஞ்சிட்டா, கரண்டுதான் போயிட்டு. நாளைக்குப் பாத்துருங்க, என்ன."

உள்ளே வந்து, "சொல்லிட்டேன்ட்டி. நாளைக்குக் காட்டச் சொன்னாவ" என்றார்.

மறுநாள் தறியை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சரியாக ஐந்தரைக்கு டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்கா வந்தார். வணக்கம் சொன்னார்.

"நேத்து கரண்டு போயி காட்ட முடியாதவங்க இருப்பீங்கல்ல? மொதல்ல நீங்க காட்டுங்க."

கிண்ணத்தை உயர்த்தினேன். அக்கா நிதானமாகப் பார்த்தார். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார்.

எனக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. முந்தின நாளே போன் போட்டுச் சொன்னதுதானே? ஆனால், சொன்ன சித்தப்பாவே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிவியையும் என்னையும் எதற்கு அப்படி மாறிமாறிப் பார்த்தார் என்பதுதான் அன்றைக்கு விளங்கவில்லை.