தாரை வார்க்க ஒரு கை

என் வலது கை விழுந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம், ஆடி மாதம். காலையில் பல் விளக்கிவிட்டுச் செம்பைத் தூக்கப் போனேன். செம்பு வரவில்லை. மறுபடியும் தூக்கினேன். வராதது செம்பில்லை, கை என்று அப்புறம்தான் புரிந்தது. வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. என் மனைவி வடிவு ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

அம்பாளை நம்பி வாழும் அன்பர்களே, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து உட்காரும்போதெல்லாம் அம்பாள் உங்களுக்குச் செய்ததை நீங்கள் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் சுண்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விடுவேன். "இவ்வளவு வாய் பேசறவரு, இதுல மட்டும் ஏன் ஊமையாயிடறீங்க?" என்று போன வாரம் ஒரு அம்மாள் கேட்டுவிட்டார். பேச வெட்கமாக இருந்தது, அதனால்தான். என் கதையில் பக்தியைவிடப் பொறாமைதான் அதிகம். எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தேழு. மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தேன். தொட்டியத்திலிருந்து வரும் தார்களை நானே தோளில் வாங்கி இறக்குவேன். அப்படி இருந்தவனுக்கு ஒரு மாதத்தில் வாய் நேரானது, காலும் தேறியது. கை மட்டும் தொங்கியது. வடிவு சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். சட்டைப் பித்தான் அவள் போட வேண்டும், வேட்டி அவள் கட்டிவிட வேண்டும். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் வாயிலிருக்கும் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, அப்போதுதான் சாப்பிட்டு முடித்தவன் மாதிரி உட்காருவேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். பந்தியில் உட்காரவைத்து ஊட்டிவிட நான் என்ன காது குத்தின குழந்தையா?

அந்த நாட்களில் எனக்கு மனிதர்களின் முகமே கண்ணில் படாது, வலது கைதான் படும். பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதைப் பார்த்தால் எரியும். இலையில் ஊற்றிய பாயசத்தை ஒருவர் வழித்துச் சாப்பிட்டதாக வடிவு வந்து சொன்னால்கூட எரியும். என்னைவிட மூத்த கிழவர்களெல்லாம் அலட்சியமாக மூக்குப்பொடி எடுத்துப் போடுகிறார்களே என்று எரியும்.

எல்லாவற்றையும்விட எரிந்தது என் தம்பி நடேசனைப் பார்த்துத்தான். திருவானைக்காவலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். காலையில் காவிரிக்கு என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவான். குளித்து எழுந்ததும் தன் வேட்டியை இரண்டு முறுக்கு முறுக்குவான், தண்ணீர் சொட்டுக்கூட மிஞ்சாது. பிறகு என் பக்கம் திரும்புவான்.

"அண்ணே, குடுங்க. நான் பிழிஞ்சு தரேன்."

"வேணாம். ஈரமாவே போட்டுக்கறேன்."

"சளி பிடிக்கும்ணே."

"பிடிக்கட்டும். சளியாவது என்னைப் பிடிக்கட்டும், விடு."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிழிந்துவிடுவான். பாசமாகத்தான் செய்தான். அந்தப் பாசத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் சொடக்குப் போட்டால்கூட என்னைக் குத்திக் காட்டுகிறான் என்று நினைப்பேன்.

ஐம்பத்தொன்பது தை மாதத்தில் என் மூத்த பெண் கமலாவுக்கு லால்குடியில் இடம் அமைந்தது. நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். வைகாசியில் முகூர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வடிவின் அண்ணன், என் மச்சான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. தாரை வார்க்கறப்ப தேங்காயோட பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுக்கணும். கை நழுவித் தேங்காய் கீழ விழுந்துதுன்னா சபையில நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பேசாம நடேசனும் அவன் சம்சாரமும் மணையில உக்காரட்டுமே?"

"இடது கையால கொடுத்தா என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கே தெரிந்தது. பெற்ற பெண்ணை இடது கையால் கொடுப்பார்களா?

எல்லோரும் நடேசனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் என்ன சொன்னாலும் சரி" என்றான். அவன் கண்ணில் ஒரு ஆசை மினுங்கியதை நான் பார்த்தேன். என் கை விழுவதற்காகவே காத்திருந்தவனைப் போல அது எனக்குத் தோன்றியது.

அவர்கள் போன பிறகு வடிவு அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்: "நீங்க உக்காரலேன்னா நானும் உக்கார முடியாது. பத்து மாசம் சுமந்தவ பந்தல் ஓரமா நின்னு பாக்கணுமா?"

அதுவரை என் கஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் கோயிலுக்குப் போனேன். நம் கோயிலில் குருக்கள் புடவை கட்டிக்கொண்டு, அம்பாளாகவே போய் ஐயனைப் பூஜிக்கும் வேளை அது. தாய் எழுந்து நடக்கும் நேரத்தில் கேட்டால் காதில் விழும் என்று ஒரு எண்ணம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, வாய்க்குள் முணுமுணுத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், இதுதான் என் பிரார்த்தனை: "அம்மா அகிலாண்டேஸ்வரி, தம்பி கையைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. இந்த எரிச்சலை எடுத்துடு. இல்லேன்னா எனக்கும் ஒரு கை குடு. ரெண்டுல ஒண்ணு."

அழகாக ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லத் தெரியாது எனக்கு. கடைக்காரன் பேரம் பேசுவதுபோலத்தான் பேசினேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், விரலை மடக்கிப் பார்த்தார். என் வலது கையை இடது கையால் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். "ஐயா, இதை மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருந்தா இது தூங்கிக்கிட்டேதான் இருக்கும். வேலை குடுங்க. தினமும் குடுங்க. தப்பா செஞ்சாலும் செய்ய விடுங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அம்பாள் போட்ட யோசனை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். கொல்லையில் தென்னை இருக்கிறது. தினமும் ஒரு தேங்காயை வலது கையில் ஏந்தி, வீட்டிலிருந்து சன்னதிவரை நடந்து போய் அம்பாளுக்குக் கொடுக்க வேண்டும். வழியில் கீழே விழுந்த காயைச் சாமிக்கு வைக்கக் கூடாது. விழுந்தால் வீட்டுக்குத் திரும்பி, வேறு காய் எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பட வேண்டும்.

முதல் நாள் எங்கள் வாசற்படியே தாண்டவில்லை. காய் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அன்று முழுவதும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஒரு காய்கூடத் தெருமுனையைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தினமும் எங்கள் வீட்டில் தேங்காய்த் துவையல், தேங்காய்ச் சாதம், தேங்காய்க் குழம்புதான். சின்னவள் சுசீலா, "அப்பா, நாளைக்காவது சாமிக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று கேலி செய்வாள்.

தெரு முனையில் பூக்கூடை வைத்திருக்கும் அம்மாள் இன்னும் மோசம். "வாங்கய்யா, இன்னிக்கு என் கூடை வரைக்குமா, இல்ல கோபுரம் வரைக்குமா?" என்று நான் வரும்போதே கூவுவாள். காய் விழுந்தால், "போயிட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்பாள். கோபம் வரும். ஆனால் அவளைத் தாண்டிவிட வேண்டும் என்று ஒரு வெறியும் வரும்.

நடேசன் ஒரு நாள் தாங்காமல் பின்னாலேயே வந்தான். "அண்ணே, நான் அடியில கையைக் குடுக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"உன் கை எதுக்கெல்லாம் வரணும்டா? என் பொண்ணு கல்யாணத்துக்கும் வருது, என் தேங்காய்க்கும் வருதா?" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் திரும்பிப் போனான். அன்றைக்குக் கோபத்தில் விரல்கள் என்னையறியாமல் இறுகியிருக்கின்றன. பூக்காரியைத் தாண்டி, கோபுர வாசல்வரை காய் போய்விட்டது! கேட்டது இரண்டில் ஒன்று. அம்பாள் எரிச்சலை எடுக்கவில்லை. அதை வைத்தே கைக்கு உயிர் கொடுக்கிறாள் என்று அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது. வெயிலில் நின்று அழுதேன். அழுததில் காய் விழுந்துவிட்டது, அது வேறு விஷயம்.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. சாதத்தை நானே பிசைந்தேன். பாதி இலைக்கு வெளியே போகும், ஆனாலும் நான் பிசைந்த சாதம். பித்தானில் ஒன்றிரண்டு போட முடிந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு நாள், காய் கையிலேயே இருக்க, சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தேன். குருக்கள் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவசரப்பட்டுப் பறித்துக்கொள்ளாமல், நானாகத் தட்டில் வைக்கும்வரை காத்திருந்தார். அதற்குச் சற்று நேரமாயிற்று. "அம்பாள் காத்திண்டிருக்கா, நிதானமா வைங்கோ" என்றார். அன்பர்களே, அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு இந்த ஜன்மத்துக்கு.

வைகாசியில் மணையில் நானும் வடிவும்தான் உட்கார்ந்தோம். மச்சான் என் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கத் தயாராகக் குனிந்து நின்றார். தேங்காயும் வெற்றிலையும் என் கையில், அதன்மேல் கமலாவின் கை. கை நடுங்கியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கமலா குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "அவசரமில்லப்பா" என்றாள். வடிவு செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். அவள் அழுதுகொண்டே வார்த்ததில் பாதி என் வேட்டியில். என் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் நான் வைத்தேன். நானே வைத்தேன்.

பந்தி நடக்கும்போது நடேசனைக் காணவில்லை. தேடிப் போனால், சமையல் கொட்டகைக்குப் பின்னால் வாழை இலைக் கட்டுகளின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னடா, சாப்பிடல?"

"சாப்பிடறேண்ணே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "எனக்கு மூணும் பசங்க. அந்த மணையில நான் இந்த ஜன்மத்துல உக்காரப் போறதில்ல. மச்சான் அன்னைக்கு என் பேரைச் சொன்னப்ப, ஒரு தடவை கிடைச்சுதேன்னு நினைச்சேன். உங்க கை நல்லாகணும்னும் வேண்டிக்கிட்டேன். ஆகும்போது பொறாமையாவும் இருந்துச்சு. கோச்சுக்காதீங்கண்ணே."

கருங்கல்போல இருந்த அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் பேசினான். நான் பார்த்துப் பார்த்து எரிந்த கைகள். அவனுக்கோ நான் பெற்றிருந்த பெண்களைப் பார்த்து எரிச்சல்! எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வருடம் கழித்துச் சுசீலாவுக்குக் கல்யாணம் கூடியது. அப்போது என் கை முன்பைவிட நன்றாகவே இருந்தது. வடிவிடம் கேட்டேன். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "சரி" என்றாள். நடேசனையும் அவன் மனைவி சரோஜாவையும் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன்.

"வேணாம் மாமா, ஊர் என்ன சொல்லும்?" என்றாள் சரோஜா.

"கை இல்லாதவன்னு சொல்ல முடியாதுல்ல. வேற என்ன வேணாலும் சொல்லட்டும்" என்றேன்.

முகூர்த்த நேரத்தில் நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பொறாமை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. நன்றாகவே வந்தது. திடகாத்திரமான என் தம்பியின் கை, சுசீலாவின் கையைப் பிடித்ததும் கிடுகிடுவென்று ஆடியது. எழுந்து போய்ப் பிடித்துவிடலாமா என்று என் கை துடித்தது. நான் போகவில்லை. "அவசரமில்லடா" என்று மட்டும் சொன்னேன். விழாமல் கொடுத்துவிட்டான்.

இன்று எனக்கு அறுபத்தேழு. என் சாப்பாட்டை நானே சாப்பிடுகிறேன், என் வேட்டியை நானே கட்டிக்கொள்கிறேன். கொஞ்சம் கோணலாக இருக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வயதாக ஆக உடம்பில் ஒவ்வொன்றாகக் கையை விரிக்கும். அப்போது அடுத்தவர் நடப்பதையும் தூக்குவதையும் மெல்லுவதையும் பார்த்து உங்களுக்கு எரியலாம். வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். அதையும் கொண்டுபோய்த் தாயிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம், எரிகிறது என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அவள் கொடுக்கிற வேலையைச் செய்யுங்கள். தப்பாகச் செய்தாலும் செய்யுங்கள். நானே கூட வருகிறேன். உச்சிவேளையில் வாருங்கள், சேர்ந்து போவோம்.